வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும் இருவாழ்விகள் எப்படி மூச்சு விடுகின்றன?

வண்ண மீன் கடையொன்றில் ஆக்சலாட்டல் என்ற இருவாழ்வியைப் பார்த்ததாகவும், அது சாகும்வரை தண்ணீரை விட்டு வெளியே வராது என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குஞ்சுப் பருவத்தில் நீரிலும் வளர்ந்தபின் நிலத்திலும் வாழ்வதால்தான் இருவாழ்வி என்ற பெயர் என்று பள்ளியில் படித்திருக்க, கரையே ஏறாத ஒன்று எப்படி அந்தக் கூட்டத்தில் சேரும், இப்படி வேறு விலங்குகளும் உண்டா, நீருக்குள்ளேயே இருந்தால் அவை எப்படி மூச்சு விடும், அதை வாங்கி வளர்க்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கான பதில் மற்றவற்றின் பதிலுக்குள்ளேயே இருப்பதால், அதை இறுதியில் சொல்கிறேன்.

இருவாழ்வி என்பது நமக்குப் பழக்கமான தவளையின் வாழ்க்கையைப் பார்த்து வைத்த பெயர். உயிரியலில் ஒரு விலங்கை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை அது வாழும் இடம் தீர்மானிப்பதில்லை, அதன் வம்சாவளி தீர்மானிக்கிறது. தவளைகளும் தேரைகளும் ஒரு கிளை, வாலுள்ள சாலமாண்டர்கள் இன்னொரு கிளை, கால்களே இல்லாமல் பெரிய மண்புழுவைப் போலத் தோன்றும் சிசிலியன்கள் மூன்றாவது கிளை. இந்த மூன்று கிளைகளிலுமே கரையை முற்றிலும் துறந்துவிட்ட இனங்கள் உள்ளன. திமிங்கிலத்தின் முன்னோர் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பியதைப் போல இவையும் திரும்பியவைதாம். ஆனால் திமிங்கிலம் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்தாக வேண்டும். இருவாழ்விக்கு அந்தக் கட்டாயம் குறைவு, ஏனெனில் அதன் தோலே ஒரு மூச்சு உறுப்பு.

செதிலோ மயிரோ இறகோ போர்த்தாத, எப்போதும் ஈரமாக இருக்கிற மெல்லிய தோல் அது. அதன் அடியில் இரத்த நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. வெளியிலிருக்கும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தோலைக் கடந்து இரத்தத்துக்குள் செல்கிறது, கார்பன் டை ஆக்சைடு அதே வழியில் வெளியேறுகிறது. இதில் ஒரு பெரிய நெருக்கடி உண்டு. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. நீரில் இருப்பதோ மிகச் சொற்பம். கடல்மட்ட அழுத்தத்தில், உறைநிலையை ஒட்டிய நன்னீரின் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே நீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் 7.5 மில்லிகிராம்தான் கரையும். நீர் சூடாகும்போது இந்த விலங்குகளின் உடல் வேகமாக இயங்கி, கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேவை ஏறும் அதே வேளையில் வரத்து இறங்குகிறது. நீரிலேயே வாழும் இருவாழ்விகளின் விசித்திரமான உடலமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணக்குதான் காரணம் என்பது என் புரிதல்.

இதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டாக நான் கருதுவது டிட்டிகாக்கா ஏரித் தவளையை. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது அந்த ஏரி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அழுத்தம் குறைந்தால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும், ஆனாலும் ஏரி ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருப்பதால் அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிறது. இந்தத் தவளை முதல் பார்வைக்கு, இரண்டு அளவு பெரிய சட்டையை மாட்டிக்கொண்டதைப் போல இருக்கும். கழுத்திலும் விலாவிலும் பின்னங்கால்களிலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. அந்தத் தொங்கல் முழுவதும் மூச்சுக்கான பரப்பு. இரத்த நுண்குழாய்கள் தோலின் மேலடுக்கு வரைக்கும் ஏறி வந்திருக்கின்றன. நுரையீரல் சுருங்கிச் சிறுத்துவிட்டது. 1976-இல் வெளியான ஆய்வொன்றில் இதன் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, சிவப்பணுக்கள் மிகச் சிறியவையாகவும், அவற்றின் எண்ணிக்கை அதுவரை அளவிடப்பட்ட எந்த இருவாழ்வியையும்விட அதிகமாகவும் இருந்தன. அணு சிறியதாக இருந்தால் அதன் கொள்ளளவுக்கேற்ற மேற்பரப்பு கூடும், ஆக்சிஜன் விரைவாக ஏறி இறங்கும்.

அந்த ஆய்வில் கவனிக்கப்பட்ட ஒரு நடத்தையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். தொட்டி நீரில் ஆக்சிஜனைக் குறைத்து, தவளை மேலே வந்து காற்றை விழுங்க முடியாதபடி தடுத்தபோது, அது அடித்தரையில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, உடற்பயிற்சியில் தண்டால் எடுப்பவரைப் போல உடலை ஏற்றி இறக்கத் தொடங்கியது. ஒவ்வோர் அசைவிலும் அந்தத் தோல் மடிப்புகள் நீருக்குள் விசிறியைப் போல அலைந்தன. அசையாத நீரில் தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். உடலை அசைத்தால் அந்தப் பழைய நீர் விலகிப் புதிய நீர் வரும். நாம் நெஞ்சை விரித்துச் சுருக்குவதால் காற்று உள்ளே வந்து போவதைப் போல, இந்தத் தவளை தன் உடல் முழுவதையும் அசைத்து நீரை மூச்சாக இழுக்கிறது.

தோலைச் சுருக்கங்களாக வளர்த்துக்கொள்ளும் அதே உத்தி, இன்னொரு கண்டத்தில், இன்னொரு கிளையிலும் தோன்றியிருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலை ஓடைகளில் வாழும் ஹெல்பெண்டர் என்ற சாலமாண்டர் 70 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். அதற்குத் தேவையான ஆக்சிஜனில் பத்தில் ஒன்பது பங்கு, பக்கவாட்டில் நெளிநெளியாக இருக்கும் தோல் மடிப்புகள் உள்ளிட்ட உடற்பரப்பின் வழியாகவே கிடைக்கிறது. நுரையீரல் இருந்தாலும் மூச்சுக்கு அதன் பங்கு மிகக் குறைவு. ஜப்பானின் ராட்சத சாலமாண்டர் ஒன்றரை மீட்டர் வரையிலும், சீனத்தின் ராட்சத சாலமாண்டர் அதைவிடவும் பெரிதாகவும் வளரக்கூடியவை. உலகில் இன்று வாழும் இருவாழ்விகளில் இவையே மிகப் பெரியவை. ஓடும் குளிர்ந்த நீர்தான் இவை அனைத்துக்கும் ஆதாரம்.

ஹெல்பெண்டரின் குடும்ப வாழ்க்கையும் அந்த நீரைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஓடையின் அடியில் கிடக்கும் பெரிய தட்டைப் பாறையொன்றின் கீழ் ஆண் வளை அமைத்துக்கொள்கிறது. பெண் வந்து முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் மாதக்கணக்கில் முட்டைகளைக் காப்பதும், உடலையும் வாலையும் அசைத்து அவற்றின்மேல் நீரை ஓடச் செய்வதும் தந்தையின் வேலை. வர்ஜீனியாவில் 8 ஆண்டுகள் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மனத்தை வருத்துவது. ஓடைக்கரைக் காடு அழிக்கப்பட்ட இடங்களில், தந்தையே தன் முட்டைகள் அனைத்தையும் தின்றுவிடுவது அதிகமாகியிருந்தது. வளர்ந்த விலங்குகளைப் பார்த்தால் அங்கே குறை எதுவும் தெரியாது. பாறைக்கு அடியில் அடுத்த தலைமுறை காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த ராட்சதக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. 1726-இல் யோகான் ஷொய்க்சர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், ஜெர்மனியின் ஓனிங்கன் பாறையில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை, விவிலியத்தில் வரும் பெருவெள்ளத்தில் இறந்த மனிதனுடையது என்று அறிவித்தார். 1811-இல் ஜார்ஜ் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் அந்தக் கல்லைக் கவனமாகச் சுரண்டி, மறைந்திருந்த முன்னங்கால்களை வெளிக்கொணர்ந்து, அது ராட்சத சாலமாண்டர் என்று நிறுவினார். அதற்கு வைக்கப்பட்ட ஆண்ட்ரியாஸ் என்ற பேரினப் பெயருக்கு மனித உருவம் என்றே பொருள். ஆசியாவின் ராட்சத சாலமாண்டர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கின்றன.

நுரையீரலே இல்லாத இருவாழ்வி உண்டா என்று கேட்டால், உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் நுரையீரலற்ற சாலமாண்டர்கள் நூற்றுக்கணக்கான இனங்களாக வாழ்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஈரமான காட்டுத் தரையில் வாழும் சிறிய உயிர்கள். நீங்கள் அறிய வேண்டியது அட்ரெட்டோகோனா ஐசெல்டி என்ற நீர்வாழ் சிசிலியனை. நீண்டகாலம் இதைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததெல்லாம் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திரவத்தில் ஊறிக்கொண்டிருந்த ஒரே ஓர் உடல்தான். தென் அமெரிக்கா என்பதைத் தவிர அது கிடைத்த இடத்தைப் பற்றி வேறு குறிப்பு இல்லை. 1968-இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. 1990-களில் ரொனால்ட் நஸ்பாம், மார்க் வில்கின்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் அதை நுணுக்கமாக ஆராய்ந்தபோதுதான், எழுபது சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்த விலங்குக்கு நுரையீரலே இல்லை என்பது தெரிந்தது. மூக்கிலிருந்து வாய்க்குள் திறக்க வேண்டிய துளைகளும் அடைபட்டிருந்தன. பேரினப் பெயரே அடைபட்ட அந்த உள்துளைகளைக் குறிப்பதுதான்.

இவ்வளவு பெரிய உடல் தோலை மட்டுமே நம்பி வாழ வேண்டுமானால், அது ஆக்சிஜன் மிகுந்த, வேகமாக ஓடுகிற, குளிர்ந்த மலை ஓடையில்தான் இருக்க முடியும் என்று ஊகித்தார்கள். ஊகம் நியாயமானதே. ஆற்றின் வேகத்தில் நுரையீரல் மிதவையைப் போல உடலைத் தூக்கிவிடும் என்பதால், அதை இழப்பது அடித்தரையில் ஒட்டி வாழும் உயிருக்கு நன்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் 2011-இல், பிரேசிலின் மடேரா ஆற்றில் அணை கட்டுவதற்காக ஒரு பகுதியை வற்றவைத்தபோது, பாறைகளுக்கு இடையே உயிருடன் சிக்கிய விலங்குகள் ஆறும் இந்த இனமே. அமேசானின் கழிமுகப் பகுதியில் பெலேம் நகரை ஒட்டியும் இது கிடைத்தது. இரண்டுமே கலங்கிய, வெதுவெதுப்பான தாழ்நிலத்து ஆறுகள். நீரின் வெப்பநிலை 24 டிகிரிக்குக் குறையாதவை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான இடத்தில், நுண்குழாய்கள் தோலின் மேலடுக்குக்குள்ளேயே ஊடுருவிய உடலோடு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரை வளர்ந்து அது வாழ்ந்துகொண்டிருக்கிறது. உயிரியலில் அழகான ஊகத்தைவிட ஒரு விலங்கை அதன் வீட்டில் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

மூச்சுக் கணக்கைத் தீர்க்க இன்னொரு வழியும் உண்டு: குஞ்சுப் பருவத்துச் செவுள்களை விடாமலேயே வைத்துக்கொள்வது. தலைப்பிரட்டை தவளையாகும்போது செவுள் மறைகிறது. சில சாலமாண்டர்களோ குஞ்சின் உருவத்திலேயே பருவமடைந்து முட்டையிடுகின்றன. நீங்கள் கடையில் பார்த்த ஆக்சலாட்டலின் தலையோரத்தில் இறகைப் போல விரிந்திருந்தவை அந்தச் செவுள்கள்தாம். மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களே அதன் தாயகம். 1864-இல் பாரிசுக்கு வந்து சேர்ந்த சிலவற்றை ஓகுஸ்த் துமெரில் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் வளர்த்தபோது, அவற்றின் குஞ்சுகளில் சில செவுள்களை இழந்து, நிலத்தில் நடக்கும் சாலமாண்டர்களாக மாறி அவரைத் திகைக்க வைத்தன. தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் ஆக்சலாட்டல் உருமாறும் என்பதைப் பின்னாளில் கண்டறிந்தார்கள். நிலத்துக்குப் போகும் வழி அதன் உடலில் மூடியிருக்கிறது, அழிந்துவிடவில்லை.

ஓல்ம் என்ற சாலமாண்டரில் அந்த வழி முற்றிலும் அடைபட்டுவிட்டது. எந்த ஹார்மோனும் அதை உருமாற்றுவதில்லை. ஸ்லோவேனியா, குரோவேசியா, போஸ்னியா பகுதிகளில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் ஓடும் இருட்டு நீரில் வாழ்கிறது இந்தக் குகைச் சாலமாண்டர். பெருமழைக்குப் பின் குகை நீரோடு வெளியே அடித்து வரப்பட்ட இவற்றை மக்கள் டிராகனின் குட்டிகள் என்று நம்பியதை, 1689-இல் வால்வாசோர் என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு சாண், ஒன்றேகால் சாண் நீளம். இளஞ்சிவப்பு கலந்த வெளிர்த் தோல். முன்காலில் மூன்று விரல், பின்காலில் இரண்டே விரல். குஞ்சில் தோன்றும் கண்கள் வளர வளரத் தோலுக்கு அடியில் புதைந்துபோகின்றன. மணமும் நீரின் அதிர்வும் மெல்லிய மின்புலமும்தான் அதற்கு உலகைக் காட்டுகின்றன.

பத்து டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில், உணவு அரிதாகவே வந்து சேரும் இடத்தில், ஓல்ம் தன் தேவையைக் குறைத்துக்கொண்டு வாழ்கிறது. பிரான்சின் மூலிஸ் குகை ஆய்வகத்தில் 1950-களிலிருந்து வளர்க்கப்படும் கூட்டத்தின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், வளர்ந்த ஓல்மின் சராசரி ஆயுள் 68 ஆண்டுகளுக்கு மேல் என்றும், உச்சம் நூறைத் தாண்டலாம் என்றும் 2010-இல் அறிவித்தனர். பருவமடையவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முட்டையிடுவது சராசரியாகப் பன்னிரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஹெர்சகோவினாவின் குகைகளில் அடையாளமிட்டுக் கண்காணித்த ஓல்ம்களில் ஒன்று, 2,569 நாள்களுக்குப் பிறகும் அதே இடத்தில் இருந்தது. ஏழு ஆண்டுகள்! 2016-இல் ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகைக் காட்சித் தொட்டியில் ஓர் ஓல்ம் 64 முட்டைகளை இட்டபோது, ஒளி படாமல் மறைத்து, அகச்சிவப்புக் கேமரா வைத்து நாடே காத்திருந்தது. நான்கு மாதங்கள் கழித்து அவற்றில் மூன்றில் ஒரு பங்கு குஞ்சு பொரித்தது.

நீரில் ஆக்சிஜனே இல்லாத சேற்றுக் குட்டைகளில் வாழ்பவை மேலே வந்து காற்றைக் குடித்துத்தான் ஆக வேண்டும். தென் அமெரிக்காவின் சுரினாம் தேரை நுரையீரலை நன்றாகவே வைத்திருக்கிறது. கார் சக்கரம் ஏறிய காய்ந்த இலையைப் போலத் தட்டையான உடல், நாக்கில்லாத வாய், நட்சத்திரமாகப் பிரிந்த விரல் நுனிகள். ஆணும் பெண்ணும் தழுவியபடி நீருக்குள் குட்டிக்கரணம் போடும்போது, வெளியேறும் முட்டைகள் பெண்ணின் முதுகில் ஒட்டுகின்றன. சில நாள்களில் முதுகுத் தோல் வீங்கி எழுந்து ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் குழிக்குள் வாங்கிக்கொள்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் அந்தக் குழிக்குள்ளேயே கழிகிறது. மூன்று நான்கு மாதம் கழித்து, தேன்கூட்டு அறைகளைப் போன்ற அந்தத் தோலைப் பிளந்துகொண்டு முதலில் ஒரு கால், பிறகு ஒரு தலை என்று முழு வடிவத் தேரைக் குஞ்சுகள் வெளியே நீந்துகின்றன. சுரினாமுக்கு நேரில் சென்று வந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியான் 1705-இல் வெளியிட்ட நூலில் இதை வரைந்து காட்டினார். குட்டையின் அடித்தரையில் விட்டால் மூச்சுமுட்டிப் போகக்கூடிய முட்டைகளைத் தாய் மேல்நீருக்கும் அடிநீருக்குமாகச் சுமந்து திரிவது, ஆக்சிஜன் குறைந்த குட்டைக்கு ஏற்ற தீர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீரே வற்றிப்போனால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்காவின் சைரன்கள் விடை வைத்திருக்கின்றன. பின்னங்கால்களே இல்லாத, விலாங்கைப் போன்ற இந்தச் சாலமாண்டர்களுக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. குளம் காயும்போது சேற்றுக்குள் புதைந்து, வாயை மட்டும் விட்டு உடல் முழுவதும் கூடு கட்டிக்கொண்டு, மழை வரும்வரை மாதக்கணக்கில் கிடக்கின்றன.

நம் மண்ணிலும் இதைப் போன்ற ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஆனால் தலைகீழாக. மேற்குத் தொடர்ச்சி மலையில் 2003-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளையும், திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017-இல் விவரிக்கப்பட்டு, கோவையில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைத் தாங்கிய அதன் உறவினமும், வளர்ந்தபின் மண்ணுக்குள்ளேயே வாழ்கின்றன. அவற்றின் தலைப்பிரட்டைகளோ உறிஞ்சியைப் போன்ற வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, மழைக்கால ஓடையின் முழு வேகத்திலும் அடித்துச் செல்லப்படாமல் வளர்கின்றன.

ஆக்சிஜனை உள்ளே விடுகிற தோல் மற்றவற்றையும் உள்ளே விடும். 2016 அக்டோபரில் டிட்டிகாக்கா ஏரியில் கலக்கும் கோவாட்டா ஆற்றில் ஏறத்தாழ 10,000 தவளைகள் இறந்து மிதந்தன. கழிவுநீர் கலப்பதைப் பற்றி அங்குள்ள மக்கள் அதற்கு முன்பிருந்தே குரல் கொடுத்து வந்தார்கள். உலகெங்கும் பரவிய கைட்ரிட் பூஞ்சை தோலைத்தான் தாக்குகிறது. தோல் வழியே நடக்கும் உப்புச் சமநிலை குலைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. சோச்சிமில்கோவில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்ததாக மதிப்பிட்டனர். 2014-இல் அது 36.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கடைகளில் விற்கப்படுபவை தொட்டிகளிலேயே பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை என்றாலும், அவற்றின் உடல் இன்னும் குளிர்ந்த மேட்டுநில ஏரியின் உடல்தான். 16 முதல் 18 டிகிரி வரையிலான நீர் அதற்கு உகந்தது, 24-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் ஊர்த் தொட்டி நீர் கோடையில் எளிதாக 30-ஐத் தொடும். மேலே சொன்ன கணக்கின்படி அந்த நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு, அதன் உடல் கேட்பதோ அதிகம். அது இரை எடுப்பதை நிறுத்தும், காற்றை விழுங்க அடிக்கடி மேலே வரும், தோலில் பூஞ்சை படியும். ஐஸ் கட்டி போட்டுச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். வெப்பநிலை ஏறி இறங்குவது அதற்கு இன்னொரு வதை. தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி, மின்தடையின்போதும் அதை ஓடவைக்கும் ஏற்பாடு, அம்மோனியா சேராமல் வாரந்தோறும் நீர் மாற்றும் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆக்சலாட்டல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான ஆவணங்களைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.